ரசம் ஊற்றினால் தாங்குமா? பரிசுக்குக் கைவினைப் பீங்கான் தேர்ந்தெடுக்கும் முன்

புதுமனை புகுவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எவர்சில்வர் குடம், குத்துவிளக்கு, ரைஸ் குக்கர் எல்லாம் இரண்டு மூன்றாக வந்து சேர்ந்துவிடுகின்றன. அதற்குப் பதில் கையால் வனைந்த பீங்கான் தட்டோ கிண்ணமோ கோப்பையோ கொடுக்கலாம் என்று நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால் கடை விளக்கின் கீழ் அழகாகத் தெரியும் பாத்திரம் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனதும் புளி, மஞ்சள், தேங்காயெண்ணெய், சோறு பிசையும் விரல், எவர்சில்வர் கரண்டி, மைக்ரோவேவ் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டே மாதத்தில் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளுக்கு 1200 டிகிரிக்கு மேல் சுட்டுக் கல்லாக இறுகிய ஸ்டோன்வேர்தான் சரி. உள்பக்கம் வழவழப்பாகவும் வெளிர்நிறமாகவும் இருக்கட்டும். ஆறு உருப்படி செட் வேண்டாம், இரண்டு மூன்று போதும். மெல்லிய வெள்ளைப் போர்சலின், மண்சட்டி, வண்ணம் தீட்டிய நியோன்யா பீங்கான் ஆகியவற்றுக்கும் பொருத்தமான ஆட்கள் உண்டு. யாருக்கு எது, ஏன் என்பதைத்தான் கீழே விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

மண்ணும் சூளைச் சூடும்

கடையில் எல்லாவற்றையும் பீங்கான் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அடிப்படையில் அவை மூன்று வேறு பொருள்கள்.

எர்தன்வேர் 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸில் சுடப்படுவது. அந்தச் சூட்டில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உருகி இறுகாது. உள்ளே நுண்துளைகள் அப்படியே இருக்கும். மேலே கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு இருந்தாலும், பூச்சில்லாத அடிவளையம் வழியாகவோ சில்லு பெயர்ந்த இடம் வழியாகவோ தண்ணீர் உள்ளே இறங்கும். நம் மலேசிய ஈரப்பதத்தில் அது எளிதில் காயாது. கழுவிய ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் அடியில் கருமை படரும், மக்கிய வாடை வரும். மைக்ரோவேவில் வைத்தால் உறிஞ்சிய தண்ணீர் சூடேறித் தட்டு கையைச் சுடும், சோறு மட்டும் ஆறியபடியே இருக்கும்.

ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை போகிறது. மண்ணிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் உருகித் துளைகளை அடைத்துவிடுவதால் உடல் கல்லாக இறுகும். போர்சலினும் அதே அளவு சூட்டிலோ இன்னும் கூடுதலாகவோ சுடப்படுவது. கயோலின் எனும் வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்ந்தது அது. மெல்லிதாக வனைந்தால் வெளிச்சத்தில் விரல் நிழல் தெரியும்.

கடையிலேயே எது எதுவென்று கண்டுபிடிக்க ஒரு துளித் தண்ணீர் போதும். பாத்திரத்தைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடிவளையத்தில் துளியை வைத்துப் பாருங்கள். நன்றாகச் சுட்ட ஸ்டோன்வேரில் துளி முத்தாக நிற்கும். சில விநாடியில் உறிஞ்சப்பட்டுக் கருத்த தடம் மட்டும் மிஞ்சினால் அது எர்தன்வேர், அல்லது சூடு போதாமல் எடுத்த ஸ்டோன்வேர். இரண்டாவது வகையை அடிக்கடி பார்க்கலாம். வாங்குபவர் ஏமாறும் இடமும் அதுதான். பெயர் ஸ்டோன்வேர், விலையும் ஸ்டோன்வேர் விலை, ஆனால் அந்த மண்ணுக்கு வேண்டிய சூட்டுக்குச் சூளை போயிருக்காது.

நிறைய வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒன்றை வாங்கிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். காய்ந்த கிண்ணம் 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து, மறுபடி நிறுங்கள். 606 கிராம் காட்டினால் ஒரு விழுக்காடு உறிஞ்சியிருக்கிறது, கவலையில்லை. 630 கிராம் என்றால் ஐந்து விழுக்காடு. அதை அன்றாடப் புழக்கத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

போர்சலினும் ஸ்டோன்வேரும் போட்டியிட்டால், கோப்பைக்குப் போர்சலின், தட்டுக்கு ஸ்டோன்வேர். போர்சலின் மண்ணுக்கு இழுவைத்தன்மை குறைவு. சூளையில் இளகும் நேரத்தில் அகலமான தட்டின் விளிம்பு தொய்ந்துவிடும். ஆகவே கையால் வனைந்த 27 சென்டிமீட்டர் போர்சலின் தட்டு கோணாமல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். சிறு கோப்பையில் இந்தச் சிக்கல் குறைவு. மெல்லிய விளிம்பு உதட்டுக்கு இதமாக இருக்கும், தேநீரின் நிறமும் வெள்ளைப் பின்னணியில் எடுப்பாகத் தெரியும்.

பரிசைக் கெடுப்பது பெரும்பாலும் கிளேஸ்தான்

இன்று படம் எடுத்துப் போடுவதற்கு மிகவும் எடுபடுவது பளபளப்பில்லாத மேட் வெள்ளை. நம் சாப்பாட்டுக்குக் குறைவாகப் பொருந்துவதும் அதுதான். அப்படி ஒரு தட்டை எடுத்து நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கரும்பலகையில் சுண்ணக்கட்டி உரசுவதுபோல ஒரு கூச்சம் வரும். முள்கரண்டியால் சாப்பிடுபவருக்கு இது தெரியாது. ஐந்து விரலாலும் பிசைந்து வழித்துச் சாப்பிடுபவருக்கு ஒவ்வொரு வாய்க்கும் தெரியும். அடுத்து எவர்சில்வர் கரண்டியால் தட்டில் ஒரு கோடு இழுங்கள். பென்சில் கோடுபோலச் சாம்பல் நிறத்தில் தடம் விழும். கீறல் என்று நினைத்துவிட வேண்டாம். தட்டின் சொரசொரப்பு கரண்டியின் உலோகத்தை உரசி எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆக்சாலிக் அமிலம் கலந்த துலக்கும் பவுடர் போட்டால் போய்விடும், ஆனால் மாதம் ஒருமுறை துலக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு வேலையைப் பரிசாகக் கொடுப்பது நியாயமில்லை. மேட் அழகு வேண்டுமென்றால் வெளிப்பக்கம் மேட், உள்பக்கம் பளபளப்பு என்று இரண்டு கிளேஸ் போட்டதைத் தேடுங்கள். குயவர்கள் பலரும் இப்படிச் செய்கிறார்கள்.

அடுத்த தொல்லை மயிரிழை வெடிப்பு. சூளை ஆறும்போது மண்ணும் சுருங்கும், கிளேஸும் சுருங்கும். கிளேஸ் கூடுதலாகச் சுருங்கினால் அது இழுபட்டு வலைபோல வெடித்துவிடும். புதிதாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது முறை ரசம் ஊற்றிய பிறகு ஒவ்வொரு இழையிலும் மஞ்சள் ஏறி வலை முழுவதும் தெரிய ஆரம்பிக்கும். வாங்கும் முன் தட்டைச் சாய்த்து விளக்கொளி வழுக்கிப் போகும்படி பிடித்துப் பாருங்கள், இழை இருந்தால் அந்தக் கோணத்தில் அகப்படும். வெளிர்பச்சை செலடான் கோப்பைகளில் வேண்டுமென்றே இப்படி வெடிக்கவிடுவது சீன மரபு. தேநீர்க் கறை அந்த இழைகளில் ஏறுவதை ரசிப்பவர்கள் உண்டு. தேநீருக்கு வாங்குங்கள், சாம்பாருக்கு வேண்டாம்.

இழைவெடிப்பில்லாத நல்ல கிளேஸிலும் மஞ்சள் மெலிதாக ஒட்டலாம். அதற்கு வெயில்தான் மருந்து. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஒளியில் சிதைந்துவிடும். கழுவிய தட்டை அரைநாள் நேர் வெயிலில் கவிழ்க்காமல் வைத்தால் கறை பெரும்பாலும் வெளுத்துவிடும்.

மூன்றாவதாகச் சொல்வது உடல்நலம் சார்ந்தது. சரியாக உருகாத கிளேஸிலிருந்து புளிப்பு உலோகங்களைக் கரைத்து எடுக்கும். ரசம், புளிக்குழம்பு, மீன்கறி, பினாங்கின் மீன் நூடுல்ஸான ஆசாம் லக்சா எல்லாமே புளிப்பு. ஆய்வகங்களில் நான்கு விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் 24 மணி நேரம் நிறுத்தி, கரைந்து வந்த ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். வீட்டில் இதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். சாதாரண வினிகரைக் கிண்ணத்தில் பாதி ஊற்றி ஒருநாள் விட்டுக் கழுவுங்கள். வினிகர் நின்ற பகுதி வெளிறியோ மங்கியோ போனால் அந்தக் கிளேஸ் நிலையற்றது. நிறம் மாறவில்லை என்பதாலேயே ஈயம் இல்லை என்று ஆகிவிடாது, அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதனால் வனைந்தவரிடம் நேராகவே கேளுங்கள்: "உள்பக்கம் போட்ட கிளேஸில் ஈயம் உண்டா? சாப்பாட்டுக்கென்று சோதித்ததா?" தன் கிளேஸைத் தானே கலக்கும் குயவர் தயங்காமல் பதில் சொல்வார். வெண்கலம்போல மினுங்கும் கருங்கிளேஸில் மாங்கனீஸ் மிகுதியாக இருக்கலாம். அடர்பச்சையில் செம்பு இருக்கும். இந்த நிறங்கள் பாத்திரத்தின் வெளியே இருந்தால் போதும், உணவு படும் இடத்தில் வேண்டாம்.

போன் சைனாவும் சைவ வீடும்

பேரங்காடியில் அழகான பெட்டியோடு கிடைக்கும் போன் சைனா செட்டையும் கைவினைப் பீங்கானையும் பலர் ஒப்பிடுகிறார்கள். மெல்லியது, வலுவானது, வெள்ளை வெளேரென்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெயரிலேயே இருக்கிறது விஷயம். மாட்டெலும்பைச் சுட்டு நீறாக்கி, அந்தச் சாம்பலை முப்பது விழுக்காடோ அதற்கு மேலோ மண்ணில் கலப்பது இதன் முறை. சுட்ட பிறகு எஞ்சுவது கால்சியம் பாஸ்பேட்தான் என்பது வேதியியல். விரதம் இருந்து, பூஜைக்குப் படைத்துச் சாப்பிடும் சைவ வீட்டில் அந்த விளக்கத்தைப் பரிசோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலும் எந்த எலும்பு என்ற கேள்வி எழலாம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஸ்டோன்வேரோ போர்சலினோ கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை.

நியோன்யா பீங்கானும் மண்சட்டியும்

பினாங்கில் பரிசு தேடுபவர் கண்ணில் முதலில் படுவது இளஞ்சிவப்பும் பச்சையுமாய்ப் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் தீட்டிய நியோன்யா பீங்கான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரானக்கான் குடும்பங்கள் (மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினர்) சீனாவின் ஜிங்தேஜென் சூளைகளிலிருந்து வரவழைத்தவை இவற்றின் மூலங்கள். ஜார்ஜ் டவுன் சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு பெரானக்கான் மாளிகையில் அந்தக் காலத்துப் பாத்திரங்களைப் பார்க்கலாம். கடையில் விற்பது பெரும்பாலும் மறுபதிப்பு. அந்த வண்ணங்கள் கிளேஸுக்கு மேல் தீட்டி, ஏறத்தாழ 800 டிகிரியில் இன்னொரு முறை சுட்டவை. விரலால் தடவினால் பூவிதழ் மேடாகத் தட்டுப்படும். குறைந்த சூட்டில் உருகிய வண்ணம் என்பதால் புளிப்புக்கும் டிஷ்வாஷருக்கும் தாங்காது. இத்தகைய வண்ணங்களில் ஈயம் சேர்ப்பதும் உண்டு. முறுக்கு, அதிரசம், கச்சான் வைத்துத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் நடுமேசையில் வைக்க இதைவிட அழகானது இல்லை. குழம்புக்கு வேண்டாம்.

சமையலில் ஆர்வமுள்ளவருக்கு மேசைப் பாத்திரத்தைவிட மண்சட்டி உகந்தது. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர்கள் இன்னும் திரிகையில் வனைகிறார்கள். பொங்கல் பானையும் அகல்விளக்கும் அங்கிருந்து பல வீடுகளுக்குப் போகின்றன. கிளேஸ் இல்லாத, குறைந்த சூட்டில் சுட்ட சட்டி இது. துளைகள் இருப்பதால்தான் அடுப்பின் நெருப்பைத் தாங்குகிறது, நன்றாக இறுகிய ஸ்டோன்வேர் நேரடி நெருப்பில் பிளந்துவிடும். கொடுக்கும்போது பழக்கும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ முக்கால் சட்டி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, சட்டியிலேயே ஆறவிட வேண்டும். கஞ்சியின் மாவுச்சத்து துளைகளை அடைக்கும். சோப்பு போடக்கூடாது, துளைக்குள் போனால் அடுத்த மீன்குழம்பில் வாடை வரும். வெறும் சட்டியை அடுப்பில் வைக்கவும் கூடாது.

பேராக், கோல கங்சார் பக்கத்துச் சாயோங்கின் கறுப்பு லாபு சாயோங் கூஜாவும் இந்த இனந்தான். சூட்டோடு எடுத்து உமியில் புதைப்பதால் வரும் கருமை அது. தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் கல்யாணப் பரிசில் கறுப்பு கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் உள்ள வீடென்றால் வேறு சந்தர்ப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவம், அளவு, எடை

ஓரம் இல்லாத தட்டையான தட்டில் ரசம் நிற்காது. 26 – 27 சென்டிமீட்டர் அகலம், சுற்றிலும் 2.5 சென்டிமீட்டராவது எழும்பிய சுவர், அடியிலிருந்து சுவருக்கு வளைவாக ஏறும் மூலை: சோறு பிசைய இது வசதி. செங்குத்து மூலையில் பருக்கை ஒதுங்கிக்கொள்ளும். பொரியலுக்கும் தயிருக்கும் 9 – 10 சென்டிமீட்டர் கிண்ணங்கள். லக்சாவோ மீ சூப்போ விரும்பும் பினாங்கு நண்பருக்கு 17 சென்டிமீட்டர், 700 மில்லிலிட்டர் மங்கு. அடிவளையம் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சூட்டோடு தூக்கலாம்.

எடையை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். கைவினைத் தட்டு 900 கிராமைத் தாண்டினால், மூட்டுவலி உள்ள அம்மா அப்பாவுக்கு அதைக் கழுவி அடுக்குவதே சிரமம். அவர்களுக்குத் தட்டு வேண்டாம். மூன்று விரல் நுழையும் கைப்பிடியோடு, 300 கிராமுக்குள் எடையுள்ள, 200 மில்லிலிட்டர் கோப்பை இரண்டு கொடுங்கள்.

கையில் எடுத்ததும் இன்னும் மூன்று பார்வை. விரல்நுனியில் நிறுத்தி நகத்தால் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் எங்கோ விரிசல். மேசையில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள், ஆடக்கூடாது. உணவு படும் இடத்தில் ஊசித்துளை இருக்கக்கூடாது, எண்ணெய் தங்கும். அடிவளையம் சொரசொரப்பாக இருப்பது மட்டும் பெரிய குறையல்ல. 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இரண்டு நிமிடம் தேய்த்தால் மேசையைக் கீறாது.

எங்கே, எப்போது சொல்லிவைப்பது

தொட்டுப் பார்த்து வாங்க, கோலாலம்பூரில் 1888ல் சந்தையாகத் தொடங்கிய பசார் செனியும் ஜாலான் கோன்லே கைவினை வளாகமும் உண்டு. பினாங்கில் ஹின் பஸ் டிப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. அந்த டிப்போ இருக்கும் ஜாலான் குருத்துவாராவின் பழைய பெயர் பிரிக் கில்ன் ரோடு, சூளைச் சாலை. நம் பிரிக்பீல்ட்ஸும் செங்கல் சூளையால் பெயர் பெற்றதுதான்.

பெயர் பொறித்தோ குறிப்பிட்ட அளவிலோ வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள். தீபாவளிக்கு என்றால் எட்டு வாரம். வனைவது ஒருநாள், அடி செதுக்குவது மறுநாள். காய்வதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள், மழைக்காலத்தில் அதற்கும் மேல். ஈரம் போகாமல் சூளையில் வைத்தால் நூறு டிகிரியில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பாத்திரத்தை உடைத்துவிடும், அதனால் அவசரப்படுத்திப் பயனில்லை. பிறகு ஏறத்தாழ 1000 டிகிரியில் முதல் சூடு, கிளேஸ், இரண்டாம் சூடு. ஒவ்வொரு முறையும் சூளை ஆற ஒருநாள் போகும், சூளை நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

களிமண் ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை ஏறக்குறைய 12 விழுக்காடு சுருங்கும். 20 சென்டிமீட்டரில் வனைந்தது 17.6 ஆகிவிடும். ஆகவே நீங்கள் கேட்பது வெந்த அளவா, வனையும் அளவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த சூளையில் நிறமும் இம்மி மாறும். பின்னால் ஒன்று உடைந்தால் அதே ஜோடி கிடைக்காது. ஆறு வேண்டுமென்றால் ஏழாக வனையச் சொல்லி, ஏழையும் கொடுத்துவிடுங்கள். 200 மலேசிய வெள்ளிதான் இருக்கிறது என்றால் அதை ஆறாகப் பிரிக்க வேண்டாம், நல்ல ஸ்டோன்வேரில் ஒரு ஜோடி போதும். சீன நண்பருக்கு மட்டும் நான்கைத் தவிருங்கள். ஹொக்கியனில் அந்த எண்ணின் ஒலி மரணத்தை நினைவூட்டும்.

கட்டுவதும் கொடுப்பதும்

தட்டுகளைப் பெட்டியில் படுக்கவைத்தால் கீழ்த்தட்டு எல்லா எடையையும் வாங்கும். விளிம்பில் நிற்கும்படி வையுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, பெட்டிச் சுவருக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் தாளால் அடைத்துக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் இன்னும் தாள் வேண்டும். கோப்பை உடைவது பெரும்பாலும் கைப்பிடி ஒட்டிய இடத்தில்தான், கைப்பிடிக்குள்ளும் தாளைத் திணியுங்கள்.

ஒரு சிறு அட்டையில் மூன்று வரி தமிழில் எழுதி வைத்தால் பெறுபவர் பயமில்லாமல் எடுத்துப் புழங்குவார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கொதிக்கும் குழம்பை ஊற்ற வேண்டாம். மைக்ரோவேவில் வைக்கலாம், நேரடி அடுப்பில் வேண்டாம். மஞ்சள் ஒட்டினால் வெயிலில் வையுங்கள். பொன்கோடு தீட்டியதாக இருந்தால் இரண்டாம் வரியை மாற்றுங்கள், உலோகம் மைக்ரோவேவில் பொறி பறக்கும்.

வெறும் பாத்திரம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கால் கிலோ கற்கண்டைச் சிறு துணிப்பையில் கட்டிக் கிண்ணத்துக்குள் வைத்துச் சுற்றுங்கள். வழியில் கிண்ணத்துக்குள் எதுவும் ஆடாமல் அதுவே பிடித்துக்கொள்ளும்.